கடற்சாமந்திக்குக் காயம் பட்டபோது

கடலில் பூக்கும் சாமந்தியை நீங்கள் பார்த்ததுண்டா? நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ போனால்கூட, மணலில் பாய் விரித்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் தின்றுவிட்டு, பிள்ளைகளைக் கணுக்கால் தண்ணீருக்கு மேலே போகவிடாமல் அதட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறவர்கள்தாமே நாம்! கடலுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க நமக்கு ஏது நேரம்?

பெயர்தான் சாமந்தி. அது செடியுமல்ல, பூவுமல்ல. பவழத்துக்கும் சொறிமீனுக்கும் உறவுக்காரப் பிராணி. எலும்பு கிடையாது, மூளை கிடையாது, இரத்தம் கிடையாது. கீழே பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பாதம், நடுவே பை போன்ற உடல், மேலே வாய், வாயைச் சுற்றி இதழ்களைப்போல் விரல்கள். சாப்பிடுவதும் அந்த ஒரே வாயால்தான், கழிவைத் துப்புவதும் அதே வாயால்தான். விரல்கள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் அணுக்கள். சின்ன மீன் உரசினால் அதோடு அதன் கதை முடிந்தது.

இப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளில் பத்தே வகைகள்தாம் கோமாளி மீனுக்கு வீடாக இருக்கின்றன. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் குட்டி மீனை, 2003-ஆம் ஆண்டு வந்த கார்ட்டூன் படத்துக்குப் பிறகு அறியாத பிள்ளை இல்லை. இந்த நட்பை முதன்முதலில் எழுதி வைத்தவர் காலிங்வுட் என்ற ஆங்கிலேயர் என்பதும், அவர் அதைக் கண்டது நம் பக்கத்துத் தென்சீனக் கடலில் என்பதும், 1868-இல் அந்தக் குறிப்பு அச்சேறியது என்பதும் எனக்கே அண்மையில்தான் தெரிந்தது. ஆசிரியையாக இருந்தும் இவ்வளவு நாள் தெரியாதா என்று கேட்காதீர்கள். எங்கள் பாடநூலில் பனிக்கரடி உண்டு, கங்காரு உண்டு. நம் வீட்டு வாசலில் இருக்கும் கடலுக்கு ஒரு பக்கந்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. குடியிருப்பது செலாயாங்கில், அம்மாவோடு. மீன் தொட்டி என்னுடையதன்று, என் தம்பியுடையது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் மாதம் இருமுறை பஸ் பிடித்து வருவான். வந்தவுடன் அம்மா ஆக்கி வைத்ததைக்கூடப் பார்க்காமல் தொட்டிக்கு முன்னே போய்க் குந்திக்கொள்வான். மூன்றடித் தொட்டி, ஏறத்தாழ 180 லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், விரல் நுனி குமிழ் குமிழாக உப்பியிருக்கும் ஒரு கடற்சாமந்தி. அதை அவன் வாங்கும்போது ஐம்பது காசு நாணயம் அளவுதான் இருந்ததாம். நான்கு ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்த்திருந்தான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடியது. தம்பி அங்கேயே நின்றுவிட்டான். இரண்டு வாரம் என்றார்கள், பிறகு ஒரு மாதம் என்றார்கள், அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டோம். தொட்டி என் பொறுப்புக்கு வந்தது. அம்மாவோ தினமும் காலையில் சாமி விளக்கை ஏற்றிய கையோடு தொட்டி விளக்கையும் போடுவார். "அவன் வர்ற வரைக்கும் எதுவும் குறையக் கூடாது" என்பார். மீனைப் பற்றித்தான் பேசுகிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அந்த ஆண்டு மெர்டேகாவுக்கு நான்கு நாள் முன்பு, விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டிப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம். தண்ணீரைச் சுழற்றிவிடும் பம்பு, அரிசியில் கல் அரைபடுவதுபோல் அரைத்துக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டால், பம்பின் வாயில் கடற்சாமந்தி! இந்தப் பிராணி நினைத்தால் இடம் பெயரும். பாதத்தால் மெல்ல மெல்ல நகர்ந்து, வெளிச்சமும் நீரோட்டமும் தனக்குத் தோதான இடத்தைத் தேடும். அப்படி இரவில் நகர்ந்து போனபோது பம்பு இழுத்துவிட்டது. பம்பின் வாயை மூடியிருந்த பிளாஸ்டிக் வலை நாட்பட்டு இற்று உடைந்திருந்தது.

தம்பிக்குப் படம் தெரியும்படி அழைத்தேன். தூக்கக் கலக்கத்தில் அவன் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, மொதல்ல பம்பை அடைச்சிரு. கையால இழுத்துடாத!"

இழுக்காமல் இருப்பதுதான் மிகக் கடினமான வேலை என்பது அன்று புரிந்தது. பம்பை அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இழுவை நின்றால் அதுவே தன்னைச் சுருக்கிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். பறித்தால் இருப்பதும் கிழியும். இருபது நிமிடம் கழித்துப் பெரும்பகுதி தானாகக் கழன்றது. மீதியை, கையுறை போட்டுக்கொண்டு, பம்பின் மூடியைத் திருகிக் கழற்றி, மெதுவாக விடுவித்தேன். மூன்றில் ஒரு பங்கு விரல்கள் நார் நாராகிவிட்டன. உடலின் ஒரு பக்கம் பாதம்வரை கிழிந்திருந்தது. தண்ணீரெல்லாம் கோழைபோல் ஒரு பிசுபிசுப்பு.

இங்கே வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மீன் செத்தால் ஒரு மீன்தான் போகும். கடற்சாமந்தி செத்து அழுகினால் அதன் நஞ்சும் அழுகலும் தண்ணீரில் கலந்து ஒரே நாளில் தொட்டியே காலியாகிவிடலாம். ஆகவே தொட்டி வளர்க்கும் பலர், கிழிந்துபோன கடற்சாமந்தியைக் கண்டதும் எடுத்து எறிந்துவிடுவது வழக்கமாம். தம்பி அதை மறைக்கவில்லை. "ரெண்டு மீனையும் காப்பாத்தணும்னா தூக்கிப் போட்டுரு. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்" என்றான். அவன் குரலைக் கேட்டாலே அவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியாதா?

அம்மாதான் முடிவு சொன்னார். அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். "கத்தி ஆழமாப் போயி கட்டையில பட்டுட்டா மரத்தைத் தள்ளியா விட்டோம்? அந்தப் பக்கம் தொடாம ஓய்வு குடுப்போம். பட்டை கூடிக்கும். மேடு தட்டிப்போகும், ஆனா மரம் நிக்கும். இதுக்கும் ஓய்வு குடுத்துப் பாரு" என்றார். கல்லூரியில் நான் படித்த எந்தப் பாடத்தையும்விட அது எனக்குத் தெளிவாகப் பட்டது.

ஓய்வு கொடுப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. காயம் பட்ட கடற்சாமந்திக்கு மருந்தென்று ஒன்றைத் தடவ முடியாது; அதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான். முதல் நாளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். உப்பின் அடர்த்தி 1.025-லும் வெப்பம் 26 பாகையிலும் நிற்க வேண்டும். அம்மோனியா சுழியமாக இருக்க வேண்டும். கரித்துண்டு நிரப்பிய பையை வடிகட்டியில் வைத்தால் கசிந்த நஞ்சைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பம்புக்குப் பஞ்சு உறை போட்டாயிற்று. விளக்கின் ஒளியைப் பாதியாகக் குறைத்தேன். உணவு அறவே கூடாது. பரிதாபப்பட்டு இறாலை ஊட்டினால், செரிக்க முடியாமல் அது உள்ளேயே அழுகிவிடும்.

அடுத்த தொல்லை, கோமாளி மீன்கள். வீட்டுக்கு அடிபட்டிருப்பது அவற்றுக்கு எங்கே தெரியும்? வழக்கம்போல் பாய்ந்து பாய்ந்து விரல்களுக்குள் புரண்டன. கிழிந்த இடம் மேலும் கிழிந்தது. அடுப்படியில் கீரை கழுவும் துளைக் கூடையைக் கொண்டுவந்து, தட்டையான ஒரு கல்லின்மேல் கடற்சாமந்தியை வைத்து, கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு பாரம் வைத்தேன். தண்ணீர் போகும், மீன் போகாது. அன்றிரவு இரண்டு மீன்களும் கூடைச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்த பிறகும் வாசலில் குந்தியிருக்கும் உறவுக்காரர்களைப்போல! (இந்த இரண்டில் பெரியது பெண், சிறியது ஆண். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் பெரியது பிறகு பெண்ணாக மாறுமாம். இதை எங்கள் பள்ளியில் சொன்னபோது ஆண் ஆசிரியர்கள் இருவர் நம்பவே மறுத்துவிட்டனர்.)

முதல் நான்கு நாள் கடற்சாமந்தியின் வாய் பிளந்தே கிடந்தது. அது நல்ல அறிகுறியல்ல. "மூக்கால பாத்துக்க அக்கா" என்று தம்பி சொல்லியிருந்தான். தினமும் காலையில் கூடையோரத்துத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பேன். கடல் வாடை என்றால் உயிர் இருக்கிறது. பிணவாடை என்றால் அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். ஐந்தாம் நாள் வாய் மூடியது. அதன்பின் அது ஒரு நாளில் பலமுறை சுருங்குவதும் உப்புவதுமாக இருந்தது. பழைய தண்ணீரைத் துப்பிவிட்டுப் புதுத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் வேலை அது. தெரியாதவர்கள் சுருங்கியதைப் பார்த்துச் செத்தது என்று எண்ணிவிடுவார்கள்.

இந்த வேளையில்தான் செப்டம்பர் 3-ஆம் தேதி வந்தது. உங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். ரவாங் பக்கத்துச் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பன்னிரண்டு லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை! செலாயாங்கும் வறண்டது. நோய்க்குப் பயந்து மணிக்கு ஒருமுறை கை கழுவச் சொன்ன காலத்தில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு பெரிய தொட்டிவாளிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பது லிட்டர். கடைவரிசையில் உள்ள தண்ணீர் இயந்திரத்தில் பிடித்துவந்த சுத்தமான தண்ணீர். முந்தின நாளே ஒன்றில் உப்பைக் கலந்துவிட்டேன். மற்றொன்று அப்படியே நல்ல தண்ணீர். இரண்டாம் நாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். அவர் மருமகளுக்குப் பிள்ளை பிறந்து பதினாறு நாள். லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. இயந்திரமும் வற்றிவிட்டது. அவர் கேட்கக்கூட இல்லை, வாளியைத்தான் பார்த்தார். பிறகு, "மீனுக்கா டீச்சர் இவ்வளவு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் நானும் நல்ல தண்ணீர் வாளியை அவர் வீட்டு அடுப்படிவரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தோம். ஐந்து லிட்டர் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏனென்றால் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். நாள்தோறும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டியைக் கண்ணாடித் துண்டுகளால் மூடி, ஆவியாவதைக் குறைத்தேன். உப்புக் கலந்த நாற்பது லிட்டரைக் கருமியைப்போல் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து லிட்டராகச் செலவிட்டேன். அது யாரும் குடிக்க முடியாத தண்ணீர். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. நாங்கள் குளிக்க, துவைக்க, லாரி வந்தபோது அம்மா முகமூடியோடு வரிசையில் நின்று இரண்டு வாளி பிடித்தார். மீன்களுக்கும் அந்த நாள்களில் அரைப் பட்டினிதான். சாப்பாடு குறைந்தால் அழுக்கும் குறையும்.

அம்மோனியாச் சோதனையில் ஒருநாள் நிறம் இலேசாக மாறியது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் பார்க்கிறேன், கூடைக்குள் கடற்சாமந்தி நிமிர்ந்து நிற்கிறது! பாதம் கல்லைப் பற்றிக்கொண்டுவிட்டது. கிழிந்த விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சுருண்டு ஒட்டியிருந்தன. தம்பிக்குப் படம் அனுப்பினேன். அவன் எழுத்து எதுவும் அனுப்பவில்லை. அழைத்து, "அம்மாகிட்ட குடு" என்றான்.

எப்படி ஒட்டியது என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். வெட்டுப்பட்டாலும் வளரும் இந்தப் பிராணிகளின் ஆற்றல் மனிதனை ரொம்ப நாளாக வியக்க வைத்திருக்கிறது. 1770-களில் திக்மார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கடற்சாமந்திகளை வெட்டிப் பார்த்து, அவை மீண்டும் வளர்வதை இலண்டன் அறிஞர் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். இன்றைக்கு மீன் வளர்ப்போர் குமிழ்நுனிச் சாமந்தியைச் சவரக்கத்தியால் வாயோடு சேர்த்து இரண்டாக வெட்டி, இரண்டையும் வளர்த்து விற்கிறார்கள். பாதி வாயாவது இருந்தால்தான் பிழைக்கும். இதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கடலிலிருந்து பறித்து வருவதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் பாயார், ரெடாங், தியோமான் போன்ற கடல்பூங்காத் தீவுகளில் அனுமதியின்றி எதையும் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கும்போது, இது வளர்த்ததா, பறித்ததா என்று தவுக்கேயிடம் ஒரு வார்த்தை கேட்பதில் குறைவில்லை.

படித்ததில் என் மனத்தில் தங்கியது "பாட்டி"யின் கதை. ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்பவர் 1828-இல் நார்த் பெரிக் கடற்கரையில் ஒரு சிறு கடற்சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். 1851-இல் அவர் காலமானார், சாமந்தி சாகவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஈன்று, "பாட்டி" என்று பெயர் வாங்கி, எடின்பரோ நகரில் 1887-வரை வாழ்ந்தது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள், ஒரு சாடியில்! மின்சாரமில்லை, பம்பில்லை, சோதனைக் குப்பியில்லை. கடல் தண்ணீரைத் தவறாமல் மாற்றிவிட யாரோ ஒருவர் எப்போதும் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் சாமந்திக்கு இரண்டு வாரம் கழித்து அரிசி அளவு இறால் கொடுத்தேன். அம்மா செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து வாங்கி வந்த இறால், தோலுரித்துக் கழுவியது. துப்பிவிட்டது. நான்கு நாள் கழித்து மீண்டும் கொடுத்தேன். விரல்கள் மெல்ல மடங்கி, வாய்க்குக் கொண்டுபோய், விழுங்கியது. ஒரு மாதம் சென்று கூடையை எடுத்தேன். பெண் மீன் முதலில் தன் வாலால் தொட்டுப் பார்த்தது, பிறகு வயிற்றால் உரசிற்று, பிறகு முழுதாக உள்ளே போய்ப் புரண்டது. சாயம் போன துணிபோல் வெளுத்திருந்த உடல், பழைய பழுப்பு நிறத்துக்கு வர மேலும் மூன்று மாதமாயிற்று. அந்த நிறம் அதன் சொந்த நிறமன்று. உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளின் நிறம். அவை வெளிச்சத்தில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்குப் பங்கு தருகின்றன. துன்பம் வந்தால் கடற்சாமந்தி அந்தக் குடித்தனக்காரரை வெளியேற்றிவிடும். கடல் சூடேறும்போது பவழங்கள் வெளுப்பதும் இதனால்தான். 2010-இல் அப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் சில முக்குளிக்கும் இடங்களை மூடிப் பவழத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பின்னே?" என்றார்.

அக்டோபரில் பள்ளிகள் மறுபடி மூடியபோது நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் தொட்டியைக் காட்டிப் பாடம் நடத்தினேன். பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைப்பேசி கிடைக்கும். இரவு எட்டு மணிக்குக் கேள்வி கேட்பார்கள். ஒரு சிறுமி, "டீச்சர், அதுக்கு வலிச்சிருக்குமா?" என்று குரல் பதிவில் கேட்டாள். மூளை இல்லாத பிராணி, உடல் முழுவதும் நரம்புவலை மட்டும் உண்டு, தொட்டால் சுருங்கும், நம்மைப்போல் வலிக்கும் என்று சொல்ல முடியாது என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடி ஒரு பதிவு வந்தது: "இருந்தாலும் நீங்க மெதுவாத்தானே எடுத்தீங்க?"

2021 மார்ச்சில் கடற்சாமந்தி நீண்டு நீண்டு, நடுவே இடுங்கி, இரண்டு நாளில் இரண்டாகப் பிரிந்தது. இந்த வகைக்கு அப்படிப் பிரிந்து பெருகும் வழக்கம் உண்டு. ஒன்று கல்லிலேயே நின்றது, மற்றொன்று கண்ணாடிச் சுவருக்கு நகர்ந்தது. மீன்கள் இரண்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தன.

2022 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை முழுவதுமாகத் திறந்தது. அந்த மாதமே தம்பி வந்தான். தலைமுடி முன்னே கொட்டியிருந்தது, இளைத்திருந்தான். பையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னே குந்தினான். வெகு நேரம் பார்த்தான். "அக்கா, இதுல அடிபட்டது எது?" என்றான். நானும் குனிந்து தேடினேன். தழும்பு எதிலும் இல்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "எதுவா இருந்தா என்ன? கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு, சோறு ஆறுது" என்றார்.